குறட்டை நின்றபோது

போன வாரம் ஸ்டாஃப் ரூமில் ஒரு டீச்சர் சொன்னார்: "எங்க வீட்டுக்காரரு பயங்கரமா குறட்டை விடுவாருங்க. நடுவுல திடீர்னு நின்னுடும். அப்பாடா, அதுக்குள்ள தூங்கிரலாம்னு கண்ணை மூடிக்குவேன்." மற்றவர்கள் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. இருபது வருஷம் நானும் அப்படித்தான் அது நிற்பதற்காகக் காத்திருந்து தூங்கினேன். சாப்பாட்டு நேரம் முழுக்க அவரை உட்காரவைத்து எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அவரிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

நாங்கள் இருப்பது சென்னிமலை. நான் பக்கத்து ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். என் கணவர் பெட்ஷீட், துண்டு வாங்கி விற்கும் வியாபாரி. சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி உண்டு, ஓட்டுவதும் அவரேதான். திங்கட்கிழமை ராத்திரி ஈரோடு கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை. விடிய விடிய அங்கே நின்றுவிட்டுச் செவ்வாய்க்கிழமைதான் வீடு திரும்புவார். வியாழக்கிழமை கோயம்புத்தூர் லோடு. இப்படி ஓடுகிற மனிதர் பகலில் தூங்கி விழுந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? சந்தைக்குப் போய்வந்த அலுப்பு என்றே எல்லோரும் நினைத்தோம். "உழைக்கறவனுக்குத்தான் சாமி இப்படித் தூக்கம் வரும்" என்று அத்தை பெருமையாகச் சொல்வார். கல்யாணமான 2001லிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்போது திரும்பிப் பார்த்தால் எல்லா அறிகுறியும் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நாங்கள் தனித்தனியாக ஒரு காரணம் வைத்திருந்தோம். காலையில் எழுந்ததும் தலைவலி, அதற்குக் கண்ணாடியை மாற்றினோம். ராத்திரி மூன்று நான்கு தடவை ஒண்ணுக்குப் போக எழுந்திருப்பார். சுகராக இருக்கும் என்று இரண்டு தடவை ரத்தம் கொடுத்துப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. 44 வயதில் பிபி மாத்திரை ஆரம்பித்தது. மூன்று வருஷத்தில் ஒரு மாத்திரை மூன்றாகியும் 160க்குக் கீழே வர மறுத்தது. மலைக்கோயில் 1,320 படியையும் நிற்காமல் ஏறியவர், வண்டிப் பாதையில் போய்விடலாம் என்றார். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். மனக்கணக்கில் என்னையே தோற்கடிப்பவர் பில் கூட்டுவதில் தப்பு விட ஆரம்பித்தார். சட்டென்று கோபம் வந்தது, மகளிடம்கூட. கடன் நெருக்கடி என்று அதையும் ஒதுக்கிவிட்டேன்.

"ராத்திரி தூக்கம் சரியில்லைங்க" என்று அவர் ஒருநாள் சொன்னதைக் கேட்டு, தெரிந்த மெடிக்கல் கடைக்காரர் தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பினார். நான்கு நாள் போட்டார். அந்த மாத்திரை அவருக்கு என்ன செய்திருக்கும் என்று பிற்பாடு தெரிந்தபோது எனக்குக் கை கால் உதறிவிட்டது. தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுக் குழாய் அடைபடுகிற ஆளுக்கு, அந்தத் தசையை இன்னும் தளர்த்தக்கூடிய மாத்திரை. அடைபடும்போது மூளை அவரை உலுக்கி எழுப்ப வேண்டும், அந்த எழுப்பலையும் அது மழுங்கடிக்கும். குறட்டை விடுகிற யாருக்கும் டாக்டரைக் கேட்காமல் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

2022 ஆகஸ்ட், ஒரு வியாழக்கிழமை. ஈரோட்டில் லோடு ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூர் போகிறார். விஜயமங்கலம் டோல்கேட்டில் வரிசையில் நிற்கும்போதே தூங்கிவிட்டாராம். பின்னால் இருந்த லாரிக்காரர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டி எழுப்பியிருக்கிறார். முகம் கழுவி, டீ குடித்துவிட்டு மறுபடி வண்டியை எடுத்திருக்கிறார். செங்கப்பள்ளி தாண்டியதும் வண்டி நடுத்தடுப்பில் உரசி, பக்கக் கண்ணாடி தெறித்து, கதவு முழுக்கக் கோடு விழுந்து நின்றிருக்கிறது. அடுத்த தடத்தில் யாரும் இல்லை. அதனால்தான் இதை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"ஒரு செகண்டு கண்ணசந்துட்டேன், அவ்வளவுதான்" என்றார் போனில். அன்றைக்கு மணி காலை பதினொன்று. முந்தின ராத்திரி ஒன்பது மணிக்கே படுத்து, எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தவர். சந்தை அலுப்பு என்று சொல்ல அன்றைக்கு வழியில்லை. கணக்கு அங்கேதான் எனக்கு உதைத்தது.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பழைய கணக்கு நோட்டில் பின்பக்கம் மூன்று கட்டம் போட்டேன்: நேரம், எத்தனை விநாடி நின்றது, ஆக்ஸிஜன். 2021ல் கொரோனா இரண்டாம் அலையின்போது வாங்கிய ஆக்ஸிமீட்டர் அலமாரியில் கிடந்தது. பேட்டரி மாற்றி அவர் விரலில் மாட்டினேன். விழித்திருக்கும்போது 97 காட்டியது.

11.40க்கு ஆரம்பித்தேன். குறட்டை ஏறிக்கொண்டே போகும். உச்சத்தில் வெட்டினாற்போல் நிற்கும். மூச்சு இல்லை. ஆனால் வயிறும் நெஞ்சும் இழுத்து இழுத்து முயற்சி செய்துகொண்டே இருக்கும். அதைத்தான் நான் அத்தனை வருஷம் பார்க்கவே இல்லை. அமைதி என்று நினைத்த நேரத்தில் அந்த உடம்பு காற்றுக்காகப் போராடிக்கொண்டிருந்திருக்கிறது. 15, 22, 31 என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன். நின்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஆக்ஸிமீட்டரில் எண் இறங்கும். 90, 84, 78. அப்புறம் ஒரு பெரிய செருமல், உடம்பு தூக்கிப்போடும், மூச்சு வரும், எண் ஏறும். ஒரு நிமிஷம்கூட ஆகாது, மறுபடி முதலிலிருந்து.

12.40 வரை ஒரு மணி நேரத்தில் 43 தடவை. நீளமானது 54 விநாடி. ஆக்ஸிமீட்டரில் நான் பார்த்த குறைந்த எண் 71. அந்த 54 விநாடியில் நான் அவர் தோளை உலுக்கிவிட்டேன். "ஏனுங்க, ஏனுங்க" என்று கத்தியது பக்கத்து அறையில் அத்தைக்குக் கேட்டிருக்கிறது. அவர் கண்ணைத் திறந்து, "என்ன, தூங்க விடமாட்டியா?" என்றார். தான் 43 தடவை எழுந்தது அவருக்குத் தெரியவே தெரியாது.

மகள் எழுந்து வந்து செல்போனில் நான்கு நிமிஷம் வீடியோ எடுத்தாள். நெஞ்சும் வயிறும் முகமும் தெரிகிற மாதிரி, விளக்கைப் போட்டு. காலையில் அதை அவருக்குக் காட்டினோம். ஒன்றும் பேசாமல் போய்க் குளித்துவிட்டு வந்தார். அத்தையும் பார்த்தார். போனை என் கையில் கொடுத்துவிட்டு, "உங்க மாமனாருக்கும் இப்படித்தான் கண்ணு. நின்னு நின்னு வரும்" என்றார்.

மாமனார் 1994ல், 52 வயதில், தூக்கத்திலேயே போய்விட்டார். நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால். "ஒரு நோவு நொடி இல்லாம, தூக்கத்துலயே போன புண்ணியவான்" என்று ஊரே சொல்லும், அத்தையும் அப்படித்தான் சொல்லி வந்தார். அவர் எதனால் இறந்தார் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. அத்தையிடமும் அதைத்தான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் அதற்கப்புறம் அந்தப் புண்ணியவான் என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

சரி, மருத்துவத்துக்கு வருகிறேன். பிபி பார்க்கும் டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார். 168 சென்டிமீட்டர் உயரத்துக்கு 94 கிலோ, அதனால் சொன்னது சரிதான். ஆனால் பகலெல்லாம் தூங்கி வழிகிற ஆள் நடைபயிற்சிக்கு எப்படிப் போவார்? எடை குறைய ஆறு மாதம் ஆனால் அதுவரை யார் வண்டி ஓட்டுவது? அடுத்து ஒரு தனியார் மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். மூக்குத்தண்டு வளைந்திருக்கிறது, ஆபரேஷன் செய்தால் குறட்டை போய்விடும் என்று சொல்லி, பன்னிரண்டு நாளில் தேதியும் கொடுத்துவிட்டார்கள். நான் நோட்டை எடுத்து நீட்டினேன். புரட்டிப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்தார்கள்.

காப்பாற்றியது அதே மருத்துவமனையின் மயக்க மருந்து டாக்டர். ஆபரேஷனுக்கு முன்னால் உடம்பு தாங்குமா என்று பார்க்க அவரிடம் அனுப்புவார்கள். இளவயதுப் பெண். எட்டுக் கேள்வி கேட்டார். சத்தமாகக் குறட்டை விடுவாரா, பகலில் அசதியா, தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்ததுண்டா, பிபி உண்டா என்று நான்கு. அப்புறம் உடல் பருமன், வயது, கழுத்துச் சுற்றளவு, ஆணா பெண்ணா. இன்ச் டேப்பை எடுத்துக் கழுத்தை அளந்தார், 44 சென்டிமீட்டர். எட்டுக்கு ஆறு. "அக்கா, இவருக்கு இப்ப மயக்க மருந்து கொடுக்க நான் ஒத்துக்க மாட்டேன். முதல்ல தூக்கப் பரிசோதனை பண்ணிட்டு வாங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மயக்கத்திலும், அதற்குப் பிறகு கொடுக்கும் வலி மருந்திலும் தொண்டை இன்னும் தளரும், ராத்திரி வார்டில் மூச்சு நின்றால் பக்கத்தில் உங்களை மாதிரி எண்ணிக்கொண்டு ஒருத்தர் உட்கார்ந்திருக்க மாட்டார்களே என்றார். கனடாவில் டொராண்டோவைச் சேர்ந்த மயக்கவியல் டாக்டர்கள் 2008ல் வெளியிட்ட கேள்விகளாம் அவை. நோய் இருப்பது தெரியாமலே ஆபரேஷன் மேஜைக்கு வந்து படுப்பவர்களைக் கண்டுபிடிக்கத்தான் அதை உருவாக்கியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணை நான் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

கோயம்புத்தூரில் தூக்கப் பரிசோதனைக்கு ஓர் இடத்தில் போன் செய்தால், இரண்டே படுக்கைதான், ஐந்து வாரம் ஆகும் என்றார்கள். ஐந்து வாரம் என்றால் ஐந்து திங்கட்கிழமை, ஐந்து வியாழக்கிழமை. நான் அந்தத் தேதியை வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அவரைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு நேராக அங்கே நுரையீரல் டாக்டரின் ஓபிக்குப் போனேன். போகும் முன்னால் ஒரே ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். வயது, எடை, மூன்று பிபி மாத்திரைகளின் பெயர், ஒரு மணி நேரத்தில் 43 தடவை, 54 விநாடி, 71. கடைசி வரியாக, "வண்டி ஓட்டுவது தொழில். இந்த மாதம் ஓட்டும்போது தூங்கி நடுத்தடுப்பில் மோதியிருக்கிறார்." டாக்டர் அந்தக் கடைசி வரியைத்தான் இரண்டு தடவை படித்தார். குறட்டை என்று மட்டும் சொன்னால் யாரும் அவசரப்பட மாட்டார்கள். ஓட்டும்போது தூங்கினார் என்பதை முதல் வாய் வார்த்தையாகச் சொல்ல வேண்டும் என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

அங்கே இன்னொன்று நடந்தது. எட்டுச் சூழ்நிலை எழுதிய ஒரு தாளைக் கொடுத்தார்கள். உட்கார்ந்து படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, வண்டியில் பயணியாகப் போகும்போது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று ஒவ்வொன்றிலும் தூங்கிப்போகிற வாய்ப்பு எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து 3 வரை மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 24. பத்துக்கு மேல் போனால் பகல்தூக்கம் அதிகம் என்று அர்த்தம். மெல்பர்னில் எப்வொர்த் என்ற மருத்துவமனையில் உருவான கேள்வித்தாள் அது. என் கணவர் தனக்கு 6 போட்டுக்கொண்டார். டாக்டர் இன்னொரு தாளை என்னிடம் கொடுத்து, இவருக்கு நீங்கள் போடுங்கள் என்றார். நான் போட்டது 17. அவர் பொய் சொல்லவில்லை. வருஷக்கணக்காக அரைத்தூக்கத்திலேயே இருக்கிறவருக்கு முழு விழிப்பு எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருக்கிறது. இந்த நோயில் நோயாளிக்கு ஒன்றும் தெரிவதில்லை. பக்கத்தில் படுத்திருக்கிறவர்தான் சாட்சி. அவர் வாயைத் திறக்காவிட்டால் வழக்கே இல்லை.

இதைச் சொல்லும்போது தனியாகப் படுக்கிற பெண்களை நினைக்கிறேன். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இது அதிகம் வருகிறது. ஆனால் பொம்பளை குறட்டை விடுகிறேன் என்று யார் வெளியே சொல்கிறார்கள்? வீட்டுக்காரர் வேறு அறையில், பிள்ளைகள் வெளியூரில். அவர்களுக்காக யார் கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பது?

டாக்டர் ஐந்து வாரத்துக்குக் காத்திருக்கச் சொல்லவில்லை. வீட்டிலேயே மாட்டிக்கொண்டு படுக்கிற ஒரு சின்னக் கருவியை அன்றைக்கே கொடுத்து அனுப்பினார். மூக்கில் ஒரு குழாய், நெஞ்சைச் சுற்றி ஒரு பெல்ட், விரலில் ஒரு கிளிப், அவ்வளவுதான். இப்படி ஒரு வழி இருக்கிறது என்பதே போனில் பேசியவர்கள் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்களோ என்னவோ. நீங்கள் கேளுங்கள்.

இரண்டு நாளில் ரிசல்ட் வந்தது. மணிக்கு 67. பத்து விநாடிக்கு மேல் மூச்சு முழுசாக நிற்பதும், பாதி அடைபட்டு ஆக்ஸிஜன் இறங்குவதும் சேர்த்து எண்ணுவார்கள். நான் முழுசாக நின்றதை மட்டும் எண்ணியதால் எனக்கு 43. மணிக்கு 5க்குக் கீழே இருந்தால் நோய் இல்லை, 30ஐத் தாண்டினால் தீவிரம். 67 என்றால் ஆறு மணி நேரத் தூக்கத்தில் 402 தடவை. நீளமானது 83 விநாடி, ஆக்ஸிஜன் 61 வரை இறங்கியிருந்தது. இதற்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர், இது ரொம்பத் தீவிரம் என்றார் டாக்டர். ஒவ்வொரு தடவையும் மூளை பதறி எழுப்பும்போது உடம்பில் பய நேரத்துச் சுரப்பு ஏறுகிறது, ரத்த அழுத்தம் எகிறுகிறது, அதனால்தான் மூன்று மாத்திரைக்கும் பிபி அடங்கவில்லை. அடைபட்ட குழாயை எதிர்த்து நெஞ்சு இழுக்கும்போது இதயத்தின் மேலறை விரிகிறது, உடம்பில் நீர் அதிகம் என்று அது தப்பாகப் புரிந்துகொண்டு சிறுநீரை வெளியேற்றச் சொல்கிறது, அதனால்தான் மூன்று நான்கு தடவை எழுந்தார். கரியமில வாயு வெளியேறாமல் தேங்குவதால் காலைத் தலைவலி. நாங்கள் தனித்தனியாக வைத்திருந்த அத்தனை காரணத்தையும் அவர் பத்து நிமிஷத்தில் ஒரே காரணமாக்கிவிட்டார். பக்கவாதம், இதயத் துடிப்புக் கோளாறு என்று அடுத்து என்ன வரக்கூடும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

"சிகிச்சை செட் ஆகற வரைக்கும் நீங்க வண்டி ஓட்டக் கூடாது" என்றும் சொன்னார். எங்கள் வீட்டில் பெரிய சண்டை அதற்குத்தான். "நல்லா இருந்தவனை நோயாளி ஆக்கிட்ட" என்றார் இவர். நான் பதில் பேசவில்லை. வண்டிச் சாவியை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினேன். வியாழக்கிழமை லோடுக்கு என் தம்பி வந்து ஓட்டிக் கொடுத்தான். மூன்று திங்கட்கிழமை சந்தையை விட்டோம். வியாபாரிக்கு மூன்று சந்தை என்பது சின்ன நஷ்டம் இல்லை, எனக்கும் தெரியும். இருந்தாலும் சாவியைக் கொடுக்கவில்லை.

அடுத்த கட்டம், எவ்வளவு காற்றழுத்தம் வேண்டும் என்று ஆய்வகத்தில் ஒரு ராத்திரி படுக்கவைத்துப் பார்ப்பது. அதற்கும் வரிசை உண்டு. "யாராவது வரலைன்னா, எந்த நேரம் கூப்பிட்டாலும் வந்துருவோம்" என்று சொல்லி நம்பரை எழுதிவைத்துவிட்டு வந்தேன். ஆறாம் நாள் சாயங்காலம் நான்கு மணிக்கு, நான் பள்ளியில் இருக்கும்போது போன் வந்தது. இன்றைக்கு ராத்திரி ஓர் இடம் காலி, வர முடியுமா? ஏழு மணிக்கு அங்கே இருந்தோம்.

அந்த ராத்திரியை எழுத எனக்கு இன்னும் சரியான வார்த்தை கிடைக்கவில்லை. தலையில், கண் ஓரத்தில், தாடையில், காலில் எல்லாம் பசை வைத்து ஒயர் ஒட்டினார்கள். நெஞ்சில் ஒரு பட்டை, வயிற்றில் ஒரு பட்டை. மூக்கில் மாஸ்க். அது ஒரு குழாய் வழியாகச் சின்ன மெஷினோடு சேர்ந்திருக்கும். அது கொடுப்பது ஆக்ஸிஜன் இல்லை, இதே அறைக் காற்றுதான். அதையே கொஞ்சம் அழுத்தத்தோடு ஊதி, தொண்டை சுருங்கிவிடாமல் உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கிறது. சிபேப் என்பார்கள். டெக்னீஷியன் பக்கத்து அறையில் திரையைப் பார்த்துக்கொண்டே அழுத்தத்தை 4லிருந்து மெல்ல மெல்ல ஏற்றுவார். எனக்கு ஒரு நாற்காலி கொடுத்தார்கள். பழக்கத்தில் நோட்டையும் கொண்டுபோயிருந்தேன்.

முதல் ஒரு மணி நேரம் பழைய மாதிரியே நின்று நின்று வந்தது, நானும் எழுதிக்கொண்டிருந்தேன். அழுத்தம் 8ஐத் தாண்டிய பிறகு குறட்டை மட்டும் மிச்சமிருந்தது. 12க்கு வந்தபோது மணி ஒன்று. சத்தமே இல்லை. எனக்கு உயிர் போய்விட்டது. எழுந்து போய் நெஞ்சின்மேல் கை வைத்தேன். ஏறியது, இறங்கியது, ஏறியது. ஒரு குழந்தை தூங்குகிற மாதிரி. கல்யாணமாகி இருபத்தொரு வருஷத்தில் அவர் தூங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. நோட்டில் எழுத ஒன்றுமில்லை. டெக்னீஷியன் எட்டிப் பார்த்து, "நல்ல கனவுத் தூக்கத்துல இருக்காரும்மா, ரொம்ப நாள் கழிச்சுக் கிடைச்சிருக்கு, தொடாதீங்க" என்றார். நான் அழுதுகொண்டே போய் உட்கார்ந்தேன்.

காலை ஆறு மணிக்கு எழுந்தவர் கொஞ்ச நேரம் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். "தலை வலிக்கலை" என்றார். அப்புறம், "ராத்திரி நான் ஒண்ணுக்குப் போக எந்திரிச்சனா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சாவிச் சண்டை அதோடு முடிந்தது.

மெஷின் 58,000 ரூபாய் ஆனது. முதலில் ஒரு மாதம் வாடகைக்கு எடுத்தோம், ஒத்துவருகிறதா என்று பார்த்துவிட்டு வாங்கலாம் என்று. வாங்குகிறவர்களுக்கு நானும் அதையேதான் சொல்வேன். காப்பீட்டு நிறுவனம் பரிசோதனைக்காக மட்டும் படுத்தது செல்லாது என்றும், வீட்டில் பயன்படுத்தும் கருவி செல்லாது என்றும் இரண்டையும் தள்ளிவிட்டது. இந்த மெஷின் இல்லாமல் பக்கவாதம் வந்து ஐசியூவில் படுத்தால் லட்சக்கணக்கில் கொடுப்பார்களாம், அது வராமல் தடுக்க ஐம்பதாயிரம் கிடையாதாம். எனக்கு இன்னும் அந்தக் கோபம் தீரவில்லை. சீட்டு எடுத்துத்தான் கட்டினோம்.

மெஷின் வாங்கியதோடு முடிந்துவிடாது. எத்தனையோ பேர் பாதியில் விட்டு அலமாரியில் போட்டுவிடுகிறார்கள் என்று டாக்டர் எச்சரித்தார். முதல் வாரம் இவரும் ராத்திரி இரண்டு மணிக்குத் தன்னை அறியாமலே மாஸ்க்கைக் கழற்றி எறிந்துவிடுவார். வாய் திறந்து காற்று வெளியேறித் தொண்டை காய்ந்தது, மெஷினோடு வரும் ஈரப்பதத் தொட்டியைச் சேர்த்ததும் சரியானது. மீசை ஓரமாகக் காற்று கசிந்தது, ஒரு சுற்று குறைத்துக்கொண்டார். மூக்குத் தண்டில் புண் வந்தது, மாஸ்க் அளவையே மாற்றினோம். ராத்திரி கரண்ட் போனால் நிற்கக்கூடாதென்று இன்வெர்ட்டர் லைனில் மாற்றிக் கொடுத்தான் தம்பி. பகலில் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் சும்மா மாட்டிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள், பயம் போக அதுதான் பெரிய உதவி. தினமும் காலையில் மெஷினே திரையில் எத்தனை மணி நேரம், எத்தனை தடை என்று காட்டும். அதே நோட்டில் எழுதினேன். முதல் நாள் 2 மணி 10 நிமிஷம். பத்தாம் நாள் 4 மணி 30. மூன்றாம் வாரம் 6 மணிக்கு மேல். தடை மணிக்கு 67 இருந்தது 3க்கு வந்தது.

மனம் விட்டுப்போயிருந்த ஒருநாள் டாக்டர் அவரிடம் ஒரு கதை சொன்னார். சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் இதை முதலில் மனிதருக்குப் பொருத்திப் பார்த்தபோது, காற்று ஊத அவர் எடுத்தது வாக்குவம் கிளீனர் மோட்டாராம். 1981ல் அந்த முடிவுகள் வெளியாகின. அதற்கு முன்னால் இந்த அளவு தீவிரமாக இருந்தவர்களுக்குக் கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைப்பதுதான் வழி. அதைக் கேட்ட பிறகு இவர் மாஸ்க்கைப் பற்றிக் குறை சொல்லவில்லை. மோட்டார், பெல்ட்டு, தறி என்று பேசினால் அவருக்குப் புரியும்.

ஏழாவது வாரம் டாக்டர் மெஷினின் பதிவைப் பார்த்துவிட்டு வண்டி ஓட்டலாம் என்றார். நான் டிரம்மிலிருந்து சாவியை எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். பிபி மாத்திரை மூன்றிலிருந்து இரண்டானது, அதுவும் டாக்டர் குறைத்தது, நாங்களாக இல்லை. எடை 6 கிலோ குறைந்திருக்கிறது. போன தைப்பூசத்துக்கு 1,320 படியும் ஏறினார், இரண்டு இடத்தில் உட்கார்ந்துதான், ஆனால் ஏறினார். இது நோயைத் தீர்க்கும் மருந்து இல்லை. மாட்டினால்தான் வேலை செய்யும், கழற்றிவிட்டுப் படுத்தால் பழையபடி மூச்சு நின்று நின்று வரும். கல்யாண வீட்டுக்குப் போனாலும், சந்தைக்குப் போகும் திங்கட்கிழமையில் பகலில் படுத்தாலும் மெஷின் கூடவே வரும்.

ஈரப்பதத் தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். மூன்று வருஷமாக அந்த வேலையை அத்தை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஒன்பதரை மணிக்குக் கேனை எடுத்துவந்து, கோடு வரைக்கும் அளந்து ஊற்றி, தொட்டியை மெஷினில் தள்ளிவிட்டுக் கதவோரம் நிற்பார். இவர் மாஸ்க்கை மாட்டிப் படுத்து, நான் விளக்கை அணைத்த பிறகும் போக மாட்டார்.

"காத்து வருதா கண்ணு?" என்பார்.

"வருதுங்க அத்தை" என்று சொன்னதும்தான் போய்ப் படுப்பார்.